ஒற்றைப் படி

எங்கள் தமிழாசிரியர் தம் வாழ்நாளில் எழுதிய ஒரே நூல், 2022ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒற்றைப் படியாக அச்சாகி வந்தது. ஆயிரம் படி, ஐந்நூறு படி என்று பதிப்பகத்தார் பேசக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, கூரியரில் வந்த அந்த மெலிந்த பொதி சற்று வேடிக்கையாகவே இருந்தது. அதைப் பிரித்து அவர் கையில் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை எங்களை விட்டு நீங்காத ஓர் உறுத்தலைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம். எழுதுவதற்கும் வெளியிடுவதற்கும் இன்று வாய்த்திருக்கும் புதிய வழிகளைப் பாராட்டியும் பழித்தும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அவ்வழிகளில் ஒன்றில் நடந்து, இடறி விழுந்து எழுந்தவர்கள் என்ற முறையில் எங்களுக்கும் சொல்ல ஒன்றிரண்டு செய்திகள் உண்டு.

எங்கள் என்றது மூவரை. 1990களின் நடுவில் புதுக்கோட்டை மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் ஐயாவிடம் தமிழ் பயின்றவர்கள் நாங்கள். இருவர் பின்னர் தமிழிலக்கியம் படித்துக் கல்லூரியில் பாடம் சொல்லும் பணிக்கு வந்தோம். மூன்றாமவர் வங்கி ஊழியர். பள்ளி நாள்களில் அழைத்ததுபோலவே இங்கும் அவரை ஐயா என்றே குறிப்பிடுகிறோம்.

எங்கள் பகுதி மழையையும், மழைநீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்களையும் நம்பி வாழும் பகுதி. மடை, குமிழி, தூம்பு, கலுங்கு, மறுகால், வரத்துக்கால், அலைகல், உள்வாய், ஆயக்கட்டு என்று நீரைச் சுற்றி மட்டும் ஒரு சிற்றகராதிக்குப் போதுமான சொற்கள் அங்கே புழங்கின. மடை திறப்பதும், முறைவைத்து வயல்களுக்கு நீர் விடுவதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. ஐயா 1970களில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று, நீர்க்கட்டிகளிடமும் முதியவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய குறிப்புகள் 14 நோட்டுகளில் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், யார் வாயிலிருந்து கேட்டது, எந்த ஊரில், எந்த ஆண்டில், அச்சொல்லை ஒட்டி வழங்கும் பழமொழி அல்லது பழைய வழக்கு என்று ஓர் ஒழுங்கு அவற்றில் இருந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் நீர்க்கட்டி என்ற பொறுப்பே பல ஊர்களில் இல்லாமற் போயிற்று. ஆளோடு சொல்லும் போய்விடும் என்பது அவருடைய கவலை. சொல்லின் பொருளைக் காட்டிலும் அது உச்சரிக்கப்பட்ட விதத்தை அவர் பெரிதாக மதித்தார் என்பதை வாசகர்கள் இங்கேயே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2

ஓய்வுபெற்ற மறு ஆண்டு, அதாவது 2004இல், நகரத்துக் கணினித் தட்டச்சு நிலையம் ஒன்றில் முதல் ஐந்து நோட்டுகளைக் கொடுத்து அடித்து வாங்கினார். 2006இல் ஒரு பதிப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. அடுத்த சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு, அதற்கடுத்த கண்காட்சிக்கு என்று நான்கு தை மாதங்கள் கழிந்தன. ஐந்தாம் ஆண்டு, 300 படிகளை ஆசிரியரே விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாயின் உடனே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று கடிதம் வந்தது. “என் புத்தகத்தை நானே காசு குடுத்து வாங்கி, நானே உக்காந்து படிக்கவாப்பா?” என்று கேட்டுச் சிரித்தார். கைப்பிரதியைத் திரும்பப் பெற்று மரப்பெட்டியில் வைத்தார். அதன்பின் பல ஆண்டுகள் அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

பதிப்பகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆஃப்செட் அச்சில் தகடு தயாரிப்பதற்கும் எந்திரத்தை ஆயத்தம் செய்வதற்கும் ஆகும் செலவு, 50 படி அடித்தாலும் 1000 படி அடித்தாலும் ஒன்றே. படிகளின் எண்ணிக்கை கூடக்கூடத்தான் ஒரு படியின் அடக்கவிலை குறையும். கண்மாய்ச் சொற்களைப் பற்றிய நூலுக்கு ஆயிரம் வாசகர் எங்கே கிடைப்பார்கள்? விற்காத கட்டுகளைக் கிடங்கில் வைத்துக் கரையானோடு போராட வேண்டியவர் பதிப்பாளரே.

வேண்டும்போது வேண்டிய அளவு அச்சிடும் முறை இந்தக் கணக்கைத்தான் மாற்றியது. தகடு இல்லை. நகலெடுக்கும் எந்திரத்தின் வளர்ச்சி பெற்ற வடிவம் என்று சொல்லத்தக்க டிஜிட்டல் அச்சில், கணினிக் கோப்பிலிருந்து நேராகத் தாளுக்கு எழுத்து போகிறது. முதற் படிக்கும் நூறாவது படிக்கும் ஏறத்தாழ ஒரே செலவு. அமெரிக்காவில் 1997இல் இங்ரம் குழுமம் இதைப் புத்தக வணிகத்திற்குள் கொண்டுவந்தது. பின்னர் சென்னையிலும் அது பரவி, தமிழ்ச் சிறுபதிப்பகங்கள் பலவற்றுக்கும் அன்றாட வழியாகிவிட்டது. எங்களுக்கு 224 பக்க நூலின் ஒரு படி, அட்டையும் கட்டும் சேர்த்து, 160 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆயிரம் வாசகர் இல்லாத நூலும் இருக்கலாம் என்ற உரிமை இதனால் வந்தது. இந்த உரிமையைச் சிறிதென்று எண்ண எங்களால் இயலவில்லை.

3

எழுத்தாளர் தாமே தம் நூலை வெளியிடுவது தமிழுக்குப் புதிதன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது, முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பணம் தர இசைந்தவர்களின் துணையோடுதான் அச்சுச் செலவைச் சமாளித்தார். இன்று இணையத்தில் கூட்டுநிதி திரட்டல் என்று எதைச் சொல்கிறோமோ அதன் வேர் அந்தக் கையொப்பப் பட்டியலில் இருக்கிறது. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா, நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று தொகுதிகளையும் எண்பதைக் கடந்த வயதில், 1997இல், தாமே வெளியிட்டார். மறு ஆண்டு இறுதியில் மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல்.

எழுத எழுத வாசகர்முன் வைப்பதும் புதிதன்று. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950இல் நூலாயிற்று. வார இதழில் இருந்த இடைவெளியை இணையம் இல்லாமலாக்கியது. ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை வெண்முரசு வரிசையின் 26 நாவல்களையும் நாள்தோறும் ஓர் அத்தியாயம் என்ற முறையில் தம் இணையதளத்தில் வெளியிட்டார். இந்த வழியில் எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்றும் சொல்லமுடியாது. ஸ்டீபன் கிங் 2000ஆம் ஆண்டு ‘தி பிளாண்ட்’ என்ற கதையைத் தவணை தவணையாகத் தம் தளத்தில் வெளியிட்டு, ஆறு தவணையோடு நிறுத்திக்கொண்டார். அது முடியவே இல்லை.

ஆயினும் வேறொன்று புதிது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. முன்பு எழுதுவதற்கும் வெளியிடுவதற்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, பாரம் பாரமாக அச்சேற்றியபின் திருத்துவதற்கு ஒரே இடம் பிழைதிருத்தப் பட்டியல்தான். இப்போது சுவர் இல்லை. ஆண்டி வெயர் என்ற அமெரிக்கர் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தம் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இட்டபோது, அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே போனார். 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு அதை வைத்தார். 2014இல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை வாங்கி வெளியிட்டது. கனடாவில் 2010இல் தொடங்கிய லீன்பப் என்னும் தளமோ, எழுதி முடியாத நூலையே விற்பதற்கென்று உருவானது. ஒருமுறை வாங்கியவருக்குப் பிறகு சேரும் ஒவ்வொரு திருத்தமும் தானாக வந்து சேரும். இவ்வாறாக, மின்னூல் என்பது மெய்ப்பு முடியாத நூல்.

மெய்ப்பு முடியவே வேண்டியதில்லை என்பது கேட்பதற்கு வரம்போல் இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் அது முழுக்க வரமாக இல்லை.

4

2018இல் ஐயாவுக்குக் கண்ணழுத்த நோய் முற்றியது. நடுவில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது, ஓரங்கள் இருண்டுவிட்டன. 2019 பொங்கலுக்குப் பார்க்கச் சென்றபோது மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். “கண்ணு இருக்கையில யாரும் கேக்கல. இப்ப நீங்கதான் கண்ணு” என்றார். நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஓராண்டில் முடித்துவிடலாம் என்றே நம்பினோம்.

முதல் இடர் குறுந்தகடு. 2004இல் அடித்த கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடந்தன. ஒருங்குறி பரவாத அக்காலத்தில் ஆளுக்கொரு குறியேற்றம், அச்சகத்துக்கொரு எழுத்துரு. எழுத்துருவை இனங்கண்டு மாற்றியைக் கொண்டு மாற்றிய பிறகும் வேலை முடியவில்லை. பழைய எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டது. ஒருங்குறியில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. அந்த இடமாற்றத்தில் சில சொற்கள் சிதைந்தன. தட்டச்சு செய்தவர் விரைவு கருதிக் காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருந்த இடங்களும் உண்டு. தாளில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கணினிக்கோ அவை வேறு வேறு எழுத்து, தேடினால் அகப்படாது.

எஞ்சிய ஒன்பது நோட்டுகளும் ஐயாவின் கையெழுத்தில் இருந்தன. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய லை, ணை வடிவங்களைத் துதிக்கையோடு எழுதும் கை அது. வாசித்துத் தட்டச்சு செய்ய எங்களுக்கு நேரம் போதவில்லை. கூகுள் 2017இல் தமிழுக்கும் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்திருந்தது. ஐயா பல பகுதிகளை மனத்திலிருந்தே சொல்லக்கூடியவர். ஆகவே அவருடைய மகள் நோட்டை வைத்துக்கொண்டு சொல் எடுத்துக் கொடுப்பது, ஐயா அலைபேசியை நோக்கிச் சொல்வது, நாங்கள் மூன்று ஊர்களிலிருந்து ஒரே இணைய ஆவணத்தில் திருத்துவது என்று ஏற்பாடாயிற்று. பெருந்தொற்று முடக்கக் காலம் முழுவதும் வேலை இப்படியே நடந்தது. ஒரு வகையில் எங்கள் வாழ்வின் நல்ல மாதங்கள் அவை. இரவு ஒன்பது மணிக்கு ஆவணத்தைத் திறந்தால், பகலில் அவர் சொன்ன சொற்கள் வரிவரியாக நிற்கும்.

எந்திரம் ஒற்றெழுத்துகளை விட்டுவிடும்; நிறுத்தக்குறி போடாது; அறியாத சொல் வந்தால் அறிந்த சொல்லாக்கிவிடும். ‘கலுங்கு’ என்று அவர் சொன்னது ஒருமுறை ‘கலங்கு’ என்றும், மற்றொருமுறை ‘கிழங்கு’ என்றும் பதிவாயிற்று. கண்மாய் நிறைந்து கிழங்கு பாய்ந்தது என்று நாங்கள் வாசித்துக் காட்டியபோது ஐயா வாய்விட்டுச் சிரித்தார்.

கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வழிந்து வெளியேறக் கட்டிய கல் அமைப்பு. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் இது கலிங்கு என்று இருக்கிறது. ஆங்கிலேயர் காலப் பாசன ஆவணங்களில் கலிங்குலா என்றே ஆங்கிலச் சொல்லாகிவிட்டது. ஐயா கேட்ட வாய்களில் அது கலுங்கு. ஆவணத்திலோ கலுங்கு, கலிங்கு, கலங்கு, கிழங்கு என நான்கு வடிவங்கள் விரவிக் கிடந்தன. 2021 மார்கழியில் ஓரிரவு, ஒருமைப்பாடு வேண்டும் என்று நாங்கள் மூவரும் அலைபேசியில் பேசி முடிவெடுத்தோம். தமிழ் படித்தவர்களுக்கு அகராதியே அரண் அல்லவா? எல்லா வடிவங்களையும் தேடி, அனைத்தையும் மாற்று என்ற கட்டளையால் கலிங்கு ஆக்கினோம். 163 இடங்களில் மாற்றப்பட்டது என்று திரையில் செய்தி வந்தது. ஒரு நொடிகூட ஆகவில்லை. ஐயாவிடம் கேட்கவில்லை. இரவு நேரமாகிவிட்டது, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தோம், காலையில் மறந்தோம்.

ஈய எழுத்துக் காலத்து அச்சுக் கோப்பவர் இதைச் செய்திருக்க வேண்டுமாயின், 163 முறை கையை எழுத்துப் பெட்டிக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். ஐந்தாவது முறையிலோ பத்தாவது முறையிலோ அவருக்கு ஐயம் எழுந்திருக்கும், ஆசிரியரிடம் கேட்டிருப்பார். எங்கள் வழியில் ஐயம் எழுவதற்கான இடைவெளியே இருக்கவில்லை.

5

2022 ஆவணியில் ஐயாவின் உடல் தளர்ந்தது. சிறுநீரகம் ஒத்துழைக்கவில்லை என்றார்கள். நூல் முழுமை பெறவில்லை. சொல்லடைவு பாக்கி, முன்னுரை பாக்கி. இருந்தாலும் ஒரு படியாவது அச்சிட்டுக் கையில் கொடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்து அனுப்பினோம். பழைய முறையில் இது நடந்திராது. ஒற்றைப் படி என்ற வசதி, அந்த ஒரு காரியத்தைப் பொறுத்தமட்டில், எங்களுக்குக் கடவுள் கொடுத்ததாகவே பட்டது.

அவர் புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். முதுகைத் தடவினார், ஓரங்களைத் தடவினார். ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தியை அழைத்து எந்தப் பக்கமாவது வாசிக்கச் சொன்னார். அவள் திறந்த பக்கத்தில் மூன்றாவது வரியிலேயே வந்தது. “நிறுத்து. என்னது?” என்றார். அவள் மீண்டும் வாசித்தாள். “கலிங்கு தாத்தா.”

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். கண் எங்களைப் பார்க்கவில்லை. முகம் மட்டும் பார்த்தது. “நான் கலுங்குன்னுதானப்பா சொன்னேன்? அந்தச் சுப்பையாவும் அப்பிடித்தான சொன்னாரு?” என்றார். அகராதியைச் சொன்னோம். “அகராதிலதான் அது ஏற்கெனவே இருக்கே. அதுக்கு எதுக்கு இன்னொரு புஸ்தகம்?” என்றார். கோபம் சிறிதும் இல்லாத குரல். கோபித்திருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவே திருத்தத் தொடங்கினோம். திரும்ப எல்லாவற்றையும் கலுங்கு ஆக்கிவிட்டால் முடிந்தது என்று நினைத்தது அடுத்த பிழை. பேரகராதியிலிருந்தும் பழைய பாசன ஆவணங்களிலிருந்தும் ஐயாவே ஒப்பிட்டுக் காட்டிய இடங்களில் கலிங்கு என்பதே சரி. அவற்றையும் மாற்றினால் அவர் செய்த ஒப்பீடே பொருளற்றுப்போகும். ஆவணத்தின் பழைய நிலைகளை எந்திரம் நாள்வாரியாகச் சேமித்து வைத்திருந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மார்கழி நிலைக்கு அப்படியே திரும்பினால் எட்டு மாதத் திருத்தங்கள் அழியும். எனவே பழைய நிலையை ஒரு பக்கமும் நோட்டின் ஒளிப்படத்தை மறுபக்கமும் வைத்து, 163 இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு நொடியில் செய்ததை அவிழ்க்க 11 நாள்கள் ஆயின.

பதினோராம் நாள் இன்னொரு படி அச்சிட்டு அனுப்பியிருக்கலாம். 160 ரூபாய். நாங்கள் அனுப்பவில்லை. திருத்துவதுதான் திருத்துகிறோம், சொல்லடைவையும் சேர்த்துவிடலாம், ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று பேசினோம். எந்நேரமும் திருத்தலாம் என்ற வசதி இருக்கும்போது குறையோடு வெளியிட மனம் வருவதில்லை. பதிப்பகம் நான்கு தை மாதங்கள் காத்திருக்கச் செய்தது என்று குறைபட்ட நாங்களே, இடையிட்ட ஆண்டுகளில் எத்தனை தை மாதங்களைக் கடத்தினோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. 2019, 2020, 2021, 2022.

அவ்வாண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் ஐயா காலமானார்.

6

பதினாறாம் நாள் படத்திறப்புக்கு 60 படிகள் அச்சிட்டு வந்தன. உறவினருக்கும் பழைய மாணவருக்கும் கொடுத்தோம். இராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையிடம் கட்டணமின்றிப் பெற்ற ஐஎஸ்பிஎன் எண் பின்னட்டையில் இருந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடுபவர் எவராயினும் கொல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். மூன்று பேர் கூடி வெளியிட்டால் அந்த மூவரும் பதிப்பாளர்தாம். நான்கு படிகளையும் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். பின்னர் மின்னூலாகவும் வைத்தோம். கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 இறுதியிலிருந்தே வரத் தொடங்கிவிட்டதால் அதில் சிக்கல் ஏதும் இருக்கவில்லை.

மின்னூலை வாசித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கத்து அம்மையார் ஒருவர் எழுதினார். ஐயா மறுகால் என்பதற்குக் கலுங்கிலிருந்து நீர் செல்லும் கால்வாய் என்று பொருள் எழுதியிருந்தார். தம் ஊரில் நீர் வழியும் அந்தக் கல் அமைப்பையே மறுகால் என்பார்கள் என்றும், கலுங்கு என்ற சொல்லைத் தாம் கேட்டதே இல்லை என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார். நல்ல குறிப்பு. ஐயா இருந்திருந்தால் மிதிவண்டியை எடுத்திருப்பார். அதை நூலில் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் யாருடைய நூலில் சேர்க்கிறோம் என்ற கேள்வி எழுந்தது. நீண்ட விவாதத்திற்குப்பின், ஐயாவின் வரிகளைத் தொடுவதில்லை, வாசகர் சொன்னவை சொன்னவர் பெயரோடும் ஆண்டோடும் பின்னிணைப்பில் மட்டும் வரும் என்று விதி வகுத்துக்கொண்டோம். யாரிடம் கேட்டது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று எழுதும் வழக்கம் அவருடையதுதானே.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அமேசான் 2023 செப்டம்பரிலிருந்து, நூலில் எந்திரம் ஆக்கிய பகுதி இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்குமேல் ஏற்றலாகாது என்றும் விதித்தது. நாளொன்றுக்கு மூன்று நூல் என்பதை ஒரு கட்டுப்பாடாகச் சொல்லவேண்டிய காலம். அண்மையில் ஐயாவின் ஒரு பத்தியை அத்தகைய எந்திரம் ஒன்றிடம் கொடுத்துச் செப்பம் செய்யச் சொல்லிப் பார்த்தோம். பத்தி அழகாக வந்தது. அதில் கலுங்கு கலிங்காகவே மாறியிருந்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களும் அதையே செய்தவர்கள்.

படத்திறப்பு முடிந்த பிற்பகலில் ஐயாவின் மகள் அந்த ஒற்றைப் படியை எடுத்துவந்து காட்டினார். ஆவணியிலிருந்து மாலைதோறும் பேத்தி வாசிக்க, ஐயா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அறியவில்லை. பக்கங்களில் பென்சில் அடையாளங்கள். கலிங்கு வந்த இடங்களில் லிகரத்தை அடித்து மேலே லுகரம், குழந்தைக் கையெழுத்தில். சில இடங்களில் லுகரம் எழுதி, பிறகு அழிப்பானால் அழிக்கப்பட்டுத் தாள் மெலிந்திருந்தது. “அது புஸ்தகத்துல இருந்து எடுத்தது, அது அப்பிடியே இருக்கட்டும்னாரு தாத்தா” என்று பேத்தி விளக்கினாள். நாங்கள் 11 நாள் கணினியின் முன் உட்கார்ந்து செய்த வேலையை அவர் காதால் செய்துகொண்டிருந்திருக்கிறார். 96ஆம் பக்கத்தோடு அடையாளங்கள் நின்றன.

அன்று மாலை, அவருடைய திண்ணையில் அமர்ந்து, பென்சில் படியையும் எங்கள் புதிய படியையும் 96 பக்கங்களுக்கு ஒப்பிட்டோம். இரண்டு இடங்களில் வேறுபட்டன. இரண்டிலும் பேச்சு வழக்கை அகராதி மேற்கோள் என்று நாங்கள் தவறாகக் கொண்டிருந்தோம். 31ஆம் பக்கத்தில் ஒன்று, 78ஆம் பக்கத்தில் ஒன்று. பின்னர் வெளியிட்ட மின்னூலில் திருத்திவிட்டோம். 2023இல் அடித்த இரண்டாம் பதிப்பிலும் திருத்திவிட்டோம். 96க்குப் பிறகான பக்கங்களில் எத்தனை இருக்கக்கூடும் என்பதைச் சொல்ல ஆளில்லை.

கன்னிமாராவுக்கு நாங்கள் அனுப்பியது முதற்பதிப்பின் படி. அதில் அந்த இரண்டு இடங்களும் அப்படியே இருக்கும். ஒற்றைப் படி ஐயாவின் வீட்டில், நோட்டுகள் இருந்த அதே மரப்பெட்டியில் இருக்கிறது. பேத்தி இப்போது மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்டாள். மிச்சமுள்ள பக்கங்களையும் தானே வாசித்துத் திருத்தட்டுமா என்று சென்ற பொங்கலுக்குக் கேட்டாள். செய் அம்மா, ஆனால் பேனாவால் வேண்டாம், பென்சிலாலேயே செய் என்று சொல்லி வந்தோம்.